ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆகாய மார்க்கமும்

மனிதன் பேசுவதற்காகக் கருவிகளைச் செய்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் கருவியைச் செய்துவிட்டு, செய்த பெருமையை யாரிடமாவது சொல்லித் தீர வேண்டுமே என்பதற்காகவே பேசத் தலைப்பட்ட ஒரு கூட்டமும் இப்பூவுலகில் உண்டு என்பதை அவர்கள் ஏனோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தாருக்கு ஹாம் என்று பெயர். சர்க்காரிடம் முறைப்படி பரீட்சை எழுதி, என் காலத்து விதிப்படி நிமிஷத்துக்கு 5 சொல் வீதம் மோர்ஸ் சங்கேதத்தைக் கேட்டு எழுதியும் தட்டிக் காட்டியும் தேறி, வி.யு. என்று தொடங்கும் ஓர் அழைப்புக் குறியைப் பெற்று, வீட்டின் ஒரு மூலையை வளைத்துப் போட்டுக்கொண்டு, காலணா வருமானம் இல்லாமல், ஆகாய மார்க்கமாக முன்பின் அறியாதவர்களோடு அளவளாவுகிற அமெச்சூர் வானொலிக்காரர்கள் இவர்கள். அடியேனும் அவர்களில் ஒருவன்.

இந்த அளவளாவல் எதைப் பற்றி இருக்கலாம் என்பதைச் சர்வதேச விதியே வெகு காலம் வரையில் வகுத்து வைத்திருந்தது. அமெச்சூர்கள் தங்கள் பரிசோதனைகள் சம்பந்தமான தொழில்நுட்ப விஷயங்களைப் பேசலாம். சொந்த சமாசாரங்களையும் பேசலாம், ஆனால் அவை காசு கொடுத்துத் தந்தி அடிக்கத் தகுதி இல்லாத அளவுக்கு அற்பமானவையாக இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் சாரம். தேசங்களின் பிரதிநிதிகள் எல்லாம் ஒன்றுகூடி, யுத்தத்தையும் சமாதானத்தையும் பற்றி ஒருமனப்படாமற்போனாலும், இவர்கள் முக்கியமான விஷயம் எதையும் வாய்திறந்து பேசிவிடக்கூடாது என்ற ஒன்றில் மட்டும் ஒருமனப்பட்டுக் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். இதை ஒரு நாள் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அற்ப விஷயம் பேச உங்களுக்கு எதுக்குங்க தனியா லைசென்ஸ்?" என்று கேட்டுவிட்டு, தண்டைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் வைப்பதில் கவனமாகிவிட்டாள்.

உண்மையில் நாங்கள் அற்ப விஷயம்கூடப் பேசுவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு சாயங்காலம் கொல்லத்திலிருந்தோ ஹூப்ளியிலிருந்தோ ஒரு குரல் இரைச்சலுக்கு நடுவே நீந்தி வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் குரல் அவருக்கு எவ்வளவு தெளிவாக, எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை அவர் "ஐந்து, ஒன்பது" என்று இரண்டு எண்களில் சொல்வார். நானும் சொல்வேன். பிறகு, "இங்கே ரிக் ஹோம்பிரூ, ஓ.எம்.; ஃபைனலில் 807 வால்வு; ஏரியல் டைபோல், தென்னை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே" என்று நான் தொடங்குவேன். (ஹோம்பிரூ என்றால் சொந்தக் கையால் செய்தது; ஓ.எம். என்றால் எங்கள் பாஷையில் நண்பரே.) அவருடைய டிரான்ஸ்பார்மர் சூடாவதைப் பற்றியும், அதை அவர் பிரித்துச் சுற்றியதைப் பற்றியும், சுற்றிய பிறகு முன்னைவிட அதிகமாகச் சூடாவதைப் பற்றியும் அவர் சவிஸ்தாரமாக எடுத்துரைப்பார். முக்கால் மணி நேரம் கழித்து, நல்வாழ்த்துக்கு எங்கள் சங்கேதமாகிய 73-ஐச் சொல்லிப் பிரிவோம். "யாருங்க பேசினது? எத்தனை குழந்தைங்களாம்?" என்று உள்ளிருந்து கேள்வி வரும். குழந்தைகளைப் பற்றிய பிரஸ்தாபம் வரவில்லை என்பேன். "முக்கால் மணி நேரம்!" என்று மட்டும் பதில் வரும்.

ஹாம்களில் இரு பிரிவினர். ஜப்பான் தேசத்து யேசு, ஐகாம், கென்வுட் முதலிய கம்பெனிகளின் பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பேசுகிறவர்கள் ஒரு பிரிவு. தானே கம்பி சுற்றி, தானே பற்றவைத்து, தானே ஷாக் அடித்துக்கொள்கிறவர்கள் மற்றொரு பிரிவு. முதற்பிரிவினரைப் பார்த்தால் எனக்கு அனுதாபமே உண்டாகும். அவர்களுடைய பெட்டியில் கோளாறு வருவதில்லை. கோளாறு இல்லாதவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? சிக்னல் எண்ணிக்கை சொன்னான், ஊரில் மழையா வெயிலா என்று சொன்னான், அதோடு அவன் கதை முடிந்தது. இரண்டாம் பிரிவினனுக்கோ ஆயுள் முழுவதும் பேசினாலும் தீராத வியாகூலங்கள்.

இந்த வியாகூலங்களை நாங்கள் கொள்முதல் செய்த இடம் சென்னையில் மூர் மார்க்கெட். 1985-இல் தீக்கிரையாகும் வரையில் அங்கே கிடைக்காத வஸ்து இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் கூட்டுப் படைகள் கைவிட்டுப்போன ரேடியோ சாமான்கள் டிஸ்போசல் சரக்கு என்ற பெயரில் தேசமெங்கும் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் எச்சங்கள் பல வருஷங்களுக்குப் பிறகும் எங்கள் கைகளில் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. பி.சி.348 என்ற ரிசீவர் அமெரிக்க யுத்த விமானங்களில் பறந்தது. சிங்கம் மாதிரிக் கட்டுமானம். ஆனால் விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவதற்கென்று செய்தது. நம் வீடுகளில் 230 வோல்ட் உண்டு, டார்ச் லைட்டில் 3 வோல்ட் உண்டு. 28 வோல்டுக்கு நடு இரவில் எங்கே போவது? ஆகவே ரிசீவரை வாங்கியவன் அதற்கு ஒரு பவர் சப்ளை செய்ய வேண்டும். பவர் சப்ளைக்கு டிரான்ஸ்பார்மர் சுற்ற வேண்டும். சுற்றுவதற்கு ஒரு சுற்று எந்திரம் செய்ய வேண்டும். கடைக்காரருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். விலையைப் பாதியாகக் கேட்டால், "எடுத்துக்கோ சார், நீ எப்படியும் அடுத்த வாரம் வருவே" என்பார். மூர் மார்க்கெட்டுக்குப் பிறகு ரிச்சி தெரு அந்த ஸ்தானத்தை வகித்தது. சரக்கு மாறிற்றே தவிர, அடுத்த வாரம் போவது மாறவில்லை.

கடையில் கிடைக்காததை வீட்டில் தேட வேண்டும். இங்கேதான் குடும்ப வாழ்க்கைக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள நிரந்தரமான எல்லைத் தகராறு ஆரம்பமாகிறது. டிரான்ஸ்மிட்டருக்குக் காயில் சுற்ற, நல்ல விட்டமுள்ள, சூட்டுக்கு இளகாத, ஈரம் குடிக்காத உருளை ஒன்று வேண்டும் என்று புஸ்தகம் சொல்கிறது; அந்த லட்சணங்கள் யாவும் ஒருங்கே அமைந்தது ஹார்லிக்ஸ் பாட்டில் என்பது எங்களுக்குள் பரம்பரையாக வரும் ரகசியம். ஆனால் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் அதே லட்சணங்களே தேவைப்படுகின்றன.

காயில் சுற்றுவதை ஒரு யோக சாதனை என்றே சொல்லலாம். எனாமல் கம்பியின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் முடிந்து, அறையின் நீளத்துக்கு இழுத்து, சற்றே நெளிவெடுத்து, மறு நுனியைப் பாட்டிலில் நூலால் கட்டிக்கொண்டு, கம்பி தொய்யாதபடி பாட்டிலை இரு கைகளாலும் உருட்டி உருட்டி ஜன்னலை நோக்கி அடி அடியாக நடந்து செல்ல வேண்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே சமமான இடைவெளி வேண்டுமானால், கம்பியோடு கூடவே ஒரு பருத்தி நூலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே போய், முடிந்ததும் நூலை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும். கம்பிகள் அச்சில் வார்த்தவை மாதிரி நிற்கும். வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். பதினேழு, பதினெட்டு என்று வரும் சமயம் பார்த்து, "வாசல்ல பால்காரர் நிக்கிறார், கணக்கு எவ்வளவுன்னு கேக்கிறார்" என்று ஒரு குரல் வரும். பால் கணக்கு ஒரு எண், காயில் கணக்கு ஒரு எண். பால்காரருக்கு நான் எதைச் சொன்னேன் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கையை எடுத்தால் காயில் அவிழ்ந்துவிடும் என்பதால் பாட்டிலோடும் கம்பியோடும் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லும் என்னைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்த அந்த மனிதர் அதற்குப் பிறகு கணக்கு விஷயமாக என்னிடம் வந்ததில்லை.

807 வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் ஓர் உலோகக் குமிழ் வைத்த கண்ணாடி வால்வு அது. அந்தக் குமிழுக்கு 600 வோல்ட் வரையில் கொடுப்போம். இப்படிப்பட்ட உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யும்போது இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொள்ள வேண்டும் என்று மேனாட்டு நூலாசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒரு கையால் தொட்டு மறு கை பூமியோடு சம்பந்தப்பட்டிருந்தால் மின்சாரம் மார்பின் வழியாகப் பாயும், ஒற்றைக் கையானால் பிழைக்க வழி உண்டு என்பது காரணம். மிகவும் நியாயமான புத்திமதிதான். ஆனால் அந்தப் புண்ணியவான்கள் வேஷ்டி கட்டிக்கொண்டு ரேடியோ செய்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதவில்லை. பை இல்லாத தேசத்தில் கையை எங்கே விடுவது? நான் இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வேன். ஒரு கை இடுப்பில், மறு கையில் ஸ்க்ரூடிரைவர், முகத்தில் மரண பயம் என்ற அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த என் மாமனார், பெண்ணைத் தனியாக அழைத்து, "மாப்பிள்ளைக்கு இடுப்பு வலியாம்மா?" என்று விசாரித்ததாகக் கேள்வி.

இனி ஏரியல். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளமுள்ள கம்பி வேண்டும்; அதாவது ஏறக்குறைய 20 மீட்டர், பழைய கணக்கில் 66 அடி. பட்டணத்தில் நேர்க்கோட்டில் 66 அடி சொந்த நிலம் உள்ளவன் ரேடியோ செய்ய மாட்டான். வாடகைக்கு விட்டுவிட்டுச் சுகமாக இருப்பான். எனவே எங்கள் ஏரியல்கள் யாவும் ஒரு முனை சொந்த மொட்டை மாடியிலும் மறு முனை அடுத்த வீட்டுக்காரரின் தயவிலும் நிற்பவை. தூண்டில் நரம்பில் ஒரு கல்லைக் கட்டி உண்டிவில்லால் தென்னை மரத்தின் மேலாக எய்து, நரம்போடு கயிற்றையும் கயிற்றோடு கம்பியையும் இழுத்து ஏற்றுவது வழக்கம். இதில் குறி என்பது முக்கியம். உச்சியைத் தாண்டிய கல் எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தே அண்டை அயல் உறவுகள் அமைகின்றன.

கம்பி ஏறிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவன் இந்தச் சாஸ்திரத்தில் பாலபாடம்கூடப் படிக்காதவன். கம்பியின் நீளம் சரியாக இல்லாவிட்டால், மேலே அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி விலாசதாரர் இல்லாத மணியார்டர் போல அனுப்பியவனிடமே திரும்பி வந்துவிடும். எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒன்று உண்டு. ஆகவே அதைச் செய்தேன். அது காட்டிய எண் மனத்துக்கு உகந்ததாக இல்லை. ஆகவே ஏரியலைச் சமாதானப்படுத்தும் டியூனர் ஒன்றைச் செய்தேன். டியூனரில் இரண்டு பெரிய கண்டன்சர்களும் இன்னொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் செலவாயின. பிறகு மீட்டர் சொல்வது மெய்தானா என்ற ஐயம் பிறந்தது. மீட்டரைச் சோதிக்க, குற்றமற்ற ஏரியல் ஒன்று வேண்டும். குற்றமற்ற ஏரியல் உலகத்திலேயே ஒன்றுதான். அது டம்மி லோடு.

டம்மி லோடு என்பது ஹாம்களின் தத்துவ ஞானம் முழுவதும் திரண்டு உருவெடுத்த வஸ்து என்பது என் அபிப்பிராயம். 50 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, டிரான்ஸ்பார்மர் எண்ணெய் ஊற்றி மூடிவிட வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அதில் இணைத்துப் பேசினால், பேசியது முழுவதும் எண்ணெயைச் சுட வைப்பதில் செலவாகி, ஓர் அணுவும் வெளியே போகாது. மீட்டர் ஒன்றுக்கு ஒன்று என்று காட்டும். எவர் காதிலும் விழாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், எதிர்ப்பேச்சும் கிடையாது. நான் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் டப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, என் மனைவி வந்து டப்பாவின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சூட்டுக்கு நாலு அப்பளமாவது பொரிச்சிருக்கலாம்" என்றாள். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் உண்ணத் தகாதது என்று விளக்கினேன். சமையலறையில் நல்ல எண்ணெய் இருப்பதாக அவள் பதில் விளக்கம் அளித்தாள்.

எண்ணெயில் கரையாமல் வெளியே போன குரலுக்கும் சில சமயம் எதிர்பாராத ரசிகர்கள் கிடைப்பது உண்டு. டிரான்ஸ்மிட்டர் விதிக்கப்பட்ட அலைவரிசையில் மட்டும் பேசாமல், அதன் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் முணுமுணுக்கும். அவற்றை ஹார்மானிக்ஸ் என்பார்கள். சென்னையில் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் நடந்துகொண்டிருக்கும்போது கதாநாயகன் வாயசைக்க, "என்னுடைய 807 சிவந்து போகிறது, ஓ.எம்.!" என்ற வாசகம் அடுத்த வீட்டுக் கூடத்தில் ஒலித்தால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள்? அடுத்த வீட்டுக்காரர் உத்தமர். மறுநாள் காலையில் சுவரோரமாக வந்து, "சார், நேத்து பாட்டுல ஏதோ சிவந்து போச்சுன்னீங்களே, இப்ப தேவலையா?" என்று கேட்டார். அதன் பிறகு அவருடைய பெட்டிக்கு நானே ஒரு ஃபில்டரைச் செய்து கொடுத்தேன். ஆதலால் சாமான்களின் பட்டியலில் எனக்கு மட்டுமன்றி அவருக்கும் ஒன்று சேர்ந்தது.

இந்தப் பித்துக்குப் பூர்வ சரித்திரம் இல்லாமலில்லை. 1912-இல் அமெரிக்க அரசாங்கம், அமெச்சூர்களின் இரைச்சல் பொறுக்க மாட்டாமல், உபயோகமான நீண்ட அலைகளை எல்லாம் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாதவை என்று அந்நாளில் கருதப்பட்ட 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளும் உங்களுக்கு என்று சொல்லிவிட்டது. ஒதுக்கிய நிலத்தில் இவர்கள் உழுதார்கள். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க ஹாம் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, கனெக்டிகட்டிலிருந்து அமெச்சூர் நண்பர்கள் தங்கள் கையால் நிர்மாணித்த 1பி.சி.ஜி. நிலையம் அனுப்பிய செய்தியை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் கேட்டார். இரண்டு வருஷத்தில் பிரான்சின் நீஸ் நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 100 மீட்டரை ஒட்டிய அலையில் இரு தரப்புச் சம்பாஷணையே நடந்துவிட்டது. உதவாத அலைகள் ஆகாயத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பி உலகத்தையே சுற்றி வருகின்றன என்பது தெரிந்த மறுகணம் அரசாங்கங்களுக்கு அவற்றின்மீது வாஞ்சை பிறந்தது. 1927-இல் வாஷிங்டனில் கூடிப் பங்கு போட்டுக்கொண்டு, உழுதவனுக்குச் சில துண்டுகளை விட்டுவைத்தார்கள். அந்தத் துண்டுகளில் ஒன்றில்தான் என் 807 சிவந்துகொண்டிருந்தது.

நம் ஊரும் சளைத்ததன்று. ஆகாசவாணி என்ற பெயர் நமக்கு அறிமுகமாகும் முன்பே, 1924-இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பினார்கள். 1927-இல் பணம் தீர்ந்துபோய், கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். பணம் தீரும் வரையில் ஓயாமல் இருப்பது எங்கள் குலதர்மம்.

வால்வு யுகம் போய், டிரான்ஸிஸ்டர் யுகம் வந்து, இனி வீட்டில் செய்ய எதுவுமே இல்லை என்று பலர் கையை உதறிவிட்ட காலத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை வகுத்து, அதன் வரைபடத்தை உலகத்தாருக்கு இலவசமாகக் கொடுத்தார். எங்கும் கிடைக்கிற மலிவான பாகங்களைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது அவருடைய சங்கல்பம். காயில்களை எதன்மேல் சுற்றச் சொன்னார் தெரியுமா? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின் மேல். அதைக் கேட்ட நாள் முதல் எங்கள் தெருக்கோடி ஹார்டுவேர் கடையில் என் மதிப்பே வேறு. கை நிறைய வாஷர் வாங்குகிறவனைப் பார்த்து, "அத்தனை குழாயும் ஒழுகுதா சார்?" என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரே குழாய்க்கு வாஷர் போட நேரம் கிடைக்கவில்லை என்பதை அவருக்கு நான் தெரிவிக்கவில்லை. வேறொருவர் நேரில் போய்த் தெரிவித்துவிட்டதாகப் பின்னால் அறிந்தேன்.

கைவேலையின் உச்சம் என்று நான் கருதுவது 1961 டிசம்பர் 12-ஆம் தேதி நடந்தது. கலிபோர்னியா ஹாம்கள் சிலர் தங்கள் வீட்டிலும் பட்டறையிலும் வைத்து ஒரு செயற்கைக் கோளைச் செய்தார்கள். ஆஸ்கார் என்று பெயர். எடை சுமார் 4.5 கிலோ. அமெரிக்க விமானப் படையின் ராக்கெட்டில், சமநிலைக்காக வைக்கும் வெறும் பாரக்கட்டி ஒன்றுக்குப் பதிலாக இதை ஒட்டிக்கொள்ள இடம் கேட்டு வாங்கினார்கள். ராக்கெட்டிலிருந்து தள்ளிவிடும் ஸ்பிரிங்கை ஒரு டாலர் சொச்சத்துக்குச் சாதாரணக் கடையில் வாங்கியதாகச் சொல்லுவார்கள். நம் ஹார்டுவேர் கடைக்காரர் இருந்திருந்தால் எந்தக் கதவுக்கு என்று கேட்டிருப்பார். பூமியைச் சுற்றி வந்த அந்தப் பெட்டி, அரை வாட்டிலும் குறைந்த சக்தியோடு மோர்ஸில் 'ஹெச், ஐ' என்ற இரண்டு எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி: தந்தி விசையில் ஹாம்கள் சிரிப்பதற்கு அதுதான் குறி. பெட்டிக்குள் உஷ்ணம் மாற மாற அந்தச் சிரிப்பின் வேகமும் மாறும்படி அமைத்திருந்தார்கள். கீழே உலகமெங்கும் ஹாம்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அது எவ்வளவு விரைவாகச் சிரிக்கிறது என்று எண்ணி, மேலே எவ்வளவு சூடு என்று கணக்கிட்டார்கள். ராட்சத ராஜ்யங்கள் இரண்டும் ஆகாயத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கோள்களை ஏவி மிரட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சிரிக்கும் பொருட்டு ஒன்றை அனுப்பியவர்கள் இவர்கள் மட்டுமே.

நமக்கும் அந்தப் பாக்கியம் கிட்டிற்று. 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏறியபோது, 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் என்ற ஹாம் செயற்கைக் கோளும் கூடவே போயிற்று. அதன் வழியாகப் பேசுவதென்றால், தலைக்குமேல் கடந்து போகும் சில நிமிஷங்களுக்குள் ஏரியலை அதன் பக்கமாகவே திருப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கேபிள் வந்தபின் மொட்டை மாடிகளில் அனாதையாகக் கிடந்த தொலைக்காட்சி ஆன்டெனாக்களின் அலுமினியக் குழாய்களை அறுத்து, ஒரு துடைப்பக் கட்டையில் வரிசையாகச் செருகி, நான் யாகி என்ற ஏரியல் ஒன்றைச் செய்துகொண்டேன். காதில் ஹெட்போன், இடுப்பில் ரேடியோ, இரு கைகளிலும் யாகி; தெற்கே அடிவானத்தில் தொடங்கி, தலைக்குமேல் வளைத்து, வடக்கே இறங்கும் வரையில் கால் மாற்றிக் கால் மாற்றிச் சுழல வேண்டியிருந்தது.

ஒரு நாள் எதிர்வீட்டு மாடியில் நின்ற பொடியன், "அம்மா, தாத்தாவுக்குச் சாமி வந்திருக்கு!" என்று கூவினான். அந்தச் சமயத்தில்தான் நாகபுரிக்காரர் ஒருவர் என் அழைப்புக்குப் பதில் கொடுத்து, என்ன ஏரியல் என்று கேட்கிறார். துடைப்பக் கட்டை என்பதற்கு நாகரிகமான சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில், ஃபில்டர் வாங்கிக்கொண்ட என் பழைய அடுத்த வீட்டுக்காரர், வற்றல் காய வைக்க மேலே வந்தவர், நான் நிற்கும் நிலையைப் பார்த்துவிட்டு, கை இரண்டையும் வாய்க்குக் குவித்து, "சார், அப்படியே வெச்சுக்குங்க, அசையாதீங்க! நான் கீழ போயி படம் தெளிவா வருதான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்!" என்று படியிறங்கி ஓடினார்.